வயிறு நிறைந்த ஆடு

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்பது என் வேலை. அதற்குத்தான் எனக்கு முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள், சம்பளமும் கொடுக்கிறார்கள். காலையில் எழுந்தது முதல் படுக்கப் போகும்வரை வாயில் போட்டது ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்வேன். திண்டுக்கல்லைச் சுற்றி எந்த ஊரில் கேட்டாலும் முதலில் வரும் பதில் ஒரே மாதிரிதான் இருக்கும். கேப்பைக் களி, கம்மங்கூழ், முருங்கைக்கீரை, சுண்டைக்காய்க் குழம்பு. வந்தவளுக்கு மரியாதை செய்கிறார்கள். எதைச் சொன்னால் நான் சந்தோஷப்படுவேனோ அதைச் சொல்கிறார்கள். நானும் தலையாட்டி எழுதிக்கொண்டு, கொல்லைப்பக்கம் போய்க் கை கழுவிக்கொள்ளலாமா என்று கேட்டு எழுந்து போவேன். கொல்லையில் குப்பை கிடக்கும். குப்பைக்கு மரியாதை தெரியாது. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் பாக்கெட் உறைகள் காற்றில் புரண்டுகொண்டிருக்கும்.

இந்தப் பாக்கெட் சாப்பாட்டுக்கு எங்கள் துறையில் ஒரு பெயர் உண்டு. தமிழில் 'மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவு' என்று எழுதுகிறோம். நாம் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை ஒரு பாக்கெட்டைத் தின்று முடித்துவிடும். எந்த வீட்டு அடுப்படியிலும் இல்லாத சரக்குகளைக் கொண்டு தொழிற்சாலையில் செய்து, மாதக்கணக்கில் கெடாமல் வைத்து, தின்னத் தின்ன இன்னும் கேட்கிற மாதிரி உப்பையும் இனிப்பையும் எண்ணெயையும் கூட்டிய பண்டம் என்று புரிந்துகொண்டால் போதும். இது உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பார்ப்பது உடம்புக்கு வெளியே. இது வந்த பிறகு வீட்டில் அடுப்பு எத்தனை வேளை எரிகிறது, காட்டில் என்ன விதைக்கிறார்கள், தெருமுனைக் கடையில் எதை எடுத்துவிட்டு எதைத் தொங்கவிடுகிறார்கள், ஓடையில் என்ன போய் அடைக்கிறது என்பதையெல்லாம் பார்க்கிறேன். பல வருடமாகப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வருகிறது. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக் கோபம் வரக் கூடாதாம். வந்தாலும் கட்டுரையில் தெரியக் கூடாதாம். நல்லவேளையாக இது அந்த மாதிரிக் கட்டுரை இல்லை.

கொஞ்ச நாள் முன்பு இதைப் பற்றிப் பேசவென்றே ஒரு பெரிய ஓட்டலில் கூட்டம் போட்டார்கள். குளிர்சாதன அறை, ஆளுக்கொரு பை, பைக்குள் ஒரு பேனா. என் முறை வருவதற்கு முன்னால் தேநீர் இடைவேளை விட்டார்கள். தட்டில் கிரீம் பிஸ்கட்டும், வெள்ளரி விதை ஒட்டிய இனிப்புக் கேக்கும், பக்கத்தில் கலர் பாட்டில்களும் இருந்தன. எதற்காகக் கூடியிருக்கிறோம் என்று அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. என்னோடு நின்ற ஒரு பெரிய மனிதர் பிஸ்கட்டைப் பிரித்து நடுவிலிருந்த கிரீமை முதலில் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, "எல்லாத்துக்கும் காரணம் தாய்மார்கள் மேடம். இந்தக் காலத்துப் பொண்ணுங்க சமைக்கச் சோம்பல்படுறாங்க. அவங்களுக்குத்தான் விழிப்புணர்வு குடுக்கணும்" என்றார்.

"உங்க வீட்ல யார் சார் சமைக்கிறது?" என்று கேட்டேன்.

"ஆள் வந்து செஞ்சுட்டுப் போயிரும்" என்று சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த நேரத்தில் என் தம்பி பெண்டாட்டிதான் கண்முன் நின்றாள்.

தம்பி குடும்பம் வடமதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அவன் பெண்டாட்டிக்குப் பஞ்சாலையில் வேலை. காலை ஷிப்டு என்றால் கோழி கூவுவதற்கு முன்பே மில் பஸ் ரோட்டில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். அதற்குள் எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, ஏதோ ஒரு வெஞ்சனம் பண்ணி மூடிவைத்துவிட்டு ஓடுவாள். நாள் முழுக்க நின்றபடி வேலை. திரும்பி வரும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். அவளைச் சோம்பேறி என்று எவனாவது சொன்னால் என் பட்டத்தைத் தூக்கி அவன் மூஞ்சியில் எறிந்துவிடுவேன்.

அவளுக்கு ஒரே பெண் குழந்தை, மூன்று வயது. மத்தியானம் வரை அங்கன்வாடி, அதன்பிறகு பக்கத்து வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்வார். வயிறு மட்டும் முன்னால் தள்ளி நிற்க, கையும் காலும் குச்சியாக இருக்கும். வாய் ஓரத்தில் புண். அங்கன்வாடியில் எடை போட்டுப் பார்த்துவிட்டு அந்த டீச்சர் உதட்டைப் பிதுக்குவார். சோற்றைக் கண்டால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். முட்டையைக் கண்டால் ஓடும். பாலைக் கொடுத்தால் கக்கிவிடும். பாக்கெட் என்றால் மட்டும் கண் திறந்துகொள்ளும். மொறுமொறுவென்று மசாலா தடவிய குச்சிகள், சிப்ஸ், கிரீம் பிஸ்கட். "பசிக்கலேங்குறா மதினி, வயிறு நெறஞ்சிருக்குங்குறா. நான் என்ன பண்ண?" என்பாள் அம்மா.

பாக்கெட் எங்கிருந்து வருகிறது என்று யாரும் துப்பறிய வேண்டியதில்லை. என் தம்பி ஓட்டுவது அந்த வண்டிதான். முன்பு அவன் காய்கறி வண்டி ஓட்டினான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போவான். தக்காளிக்கு விலை இல்லாத நாளில் பெட்டியோடு ரோட்டோரம் கொட்டிவிட்டு வெறும் வண்டியோடு வருவான். காய் இருந்தால்தான் வாடகை, இல்லாவிட்டால் இல்லை. பாக்கெட் லைன் அப்படியில்லை, தினமும் ஓட்டம் உண்டு. குடோனில் ஏற்றிக்கொண்டு வடமதுரை, அய்யலூர், அதற்கு உள்ளே உள்ள ஊர்கள் வரை பெட்டிக்கடை பெட்டிக்கடையாகப் போட்டுவிட்டு வருவான். சரம் சரமாகத் தொங்கவிட்டுக் காட்ட வேண்டும். அதுவும் குழந்தை கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் தொங்க வேண்டும் என்று கம்பெனியிலிருந்து வந்தவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பெரியவர்கள் கண்ணுக்கு இல்லை, குழந்தை கைக்கு. இதை அவன் ஒரு தொழில் நுணுக்கத்தைச் சொல்வது போல என்னிடம் சொன்னான். ஓரம் கிழிந்த பாக்கெட்டுகளைக் கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள். அவை வீட்டுக்கு வரும், மகள் வாயில் போகும்.

"ஏலே, உனக்குக் கண்ணு தெரியலயா? பெத்த புள்ளை எப்படி இருக்குன்னு பாரு" என்று சண்டை போட்டேன்.

"நான் ஓட்டலைன்னா இன்னொருத்தன் ஓட்டப் போறான்க்கா. தக்காளி அழுகும். இது அழுகாது. நீ சொல்றதெல்லாம் உன் மீட்டிங்குல சொல்லு" என்றான்.

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் என் ஆத்திரத்தைக் கூட்டியது. அன்றைக்கு நான் சாப்பிடாமலேயே டவுன் பஸ் ஏறித் திண்டுக்கல் வந்துவிட்டேன்.

அடுத்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல் வந்து திண்டுக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நானும் கூடப் போனேன். டாக்டர் காய்ச்சலுக்கு மருந்து எழுதிவிட்டு, குழந்தையின் கையைத் தூக்கிப் பார்த்தார், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் இல்லை, எடை இல்லை என்றார். இரண்டு மாதம் பார்ப்போம், அதற்குள் எடை ஏறவில்லை என்றால் வார்டில் சேர்த்துத்தான் ஆக வேண்டும், அம்மா கூடவே இருக்க வேண்டும், எத்தனை நாள் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். தம்பி பெண்டாட்டி முகம் செத்துப்போனது. அவள் மில்லில் அப்படியெல்லாம் லீவு கிடையாது. போனால் போனதுதான், மறுநாளே அந்த மெஷினில் வேறு ஒருத்தி நிற்பாள். குழந்தையைப் பார்த்தால் வேலை போகும், வேலையைப் பார்த்தால் குழந்தை போகும். வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது அவள் அழவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "ஒரு ஆடு பிடிச்சுருவோமா மதினி?" என்றாள்.

அவள் பிறந்த வீடு அய்யலூருக்குப் பக்கம். ஆடு மேய்த்த குடும்பம். கண்முன்னால் பீய்ச்சிக் கொடுத்தால் பிள்ளை குடிக்கும், குட்டியோடு விளையாடினால் பசி எடுக்கும் என்பது அவள் கணக்கு. பாலைக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அதற்கு மேல் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆராய்ச்சிக்காரி என்ற முறையில் நான் அந்தக் குடும்பத்துக்கு அதுவரை கொடுத்ததெல்லாம் புத்திமதிதான். ஒரு ஆடு எவ்வளவோ மேல்.

வியாழக்கிழமை அவளுக்கு ஷிப்டு மாறியிருந்ததால் இரண்டு பேரும் அய்யலூர்ச் சந்தைக்குப் போனோம். விடிந்தும் விடியாமலும் அங்கே நிற்க இடம் இருக்காது. வண்டி வண்டியாக ஆடு இறங்கிக்கொண்டிருந்தது. பால் ஆடு வேண்டாம், சினை ஆடுதான் வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். குட்டி போட்ட ஆட்டை வீடு மாற்றினால் பாலை அடக்கிக்கொள்ளுமாம், நம் வீட்டில் வந்து ஈன்றால் நம்மோடு ஒட்டிக்கொள்ளுமாம்.

சந்தையில் ஒரு பழைய தந்திரம் உண்டு. விற்க வருகிறவர்கள் ஆட்டுக்கு உப்பு கொடுத்துத் தாகம் எடுக்கவைத்து, வயிறு முட்டத் தண்ணீர் காட்டிக் கூட்டி வருவார்கள். வயிறு உருண்டு திரண்டு தெரியும். அனுபவம் இல்லாதவன் கொழுத்த ஆடு என்றோ சினை ஆடு என்றோ நினைத்து வாங்கிவிடுவான். இவள் அதற்கெல்லாம் ஏமாறுகிறவள் இல்லை. ஒரு கறுப்பு வெள்ளாடு அவளுக்குப் பிடித்துவிட்டது. வயிறு இரண்டு பக்கமும் நன்றாக இறங்கியிருந்தது. உடனே விலை பேசவில்லை. "அண்ணே, இங்கனயே நிக்கட்டும், நாங்க டீ குடிச்சுட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போகாமல் கொஞ்சம் தள்ளி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடு பலமுறை மூத்திரம் போனது. வெயில் ஏறியது. வயிறு கொஞ்சமும் வற்றவில்லை.

"பாத்தீகளா? தண்ணியா இருந்தா இந்நேரம் வடிஞ்சிருக்கும். உள்ள குட்டி கெடக்கு" என்று என் காதில் சொன்னாள்.

முதுகெலும்பு தெரிகிறதே என்று கேட்டேன். சினையில் குட்டி உறிஞ்சிவிடும், ஈன்ற பிறகு தேறிக்கொள்ளும் என்றாள். மடி இறங்கவில்லையே என்று ஆட்டைப் பிடித்து நின்ற தரகரிடம் அவளே கேட்டாள். தலையீத்து ஆடு, முதல் குட்டி என்பதால் கடைசி நேரத்தில்தான் மடி விடும் என்றார் அவர். அது நிஜம்தான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். விலாவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். உள்ளே கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. எவ்வளவோ நாள் கழித்து அவள் சிரித்துப் பார்த்தேன். ஒரு மாதத்துக்குள் ஈன்றுவிடும் என்று சொல்லிக் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள்.

ஆடு வந்த பிறகு அந்த வீட்டில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போவேன். குழந்தை அங்கன்வாடி விட்டதும் ஆட்டிடம் ஓடும். அகத்திக்கீரையை ஒவ்வொரு கொத்தாக நீட்டும். ஆட்டுக்கு ஒரு கொத்து, உனக்கு ஒரு வாய் என்று அம்மா பேரம் பேசினாள். ஆச்சரியம், குழந்தை வாயைத் திறந்தது. ரசஞ்சோறு ஒரு வாய், பருப்புச்சோறு ஒரு வாய். முட்டையின் மஞ்சளை மட்டும் பிட்டுத் தின்றது. தம்பியும் கிழிந்த பாக்கெட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவராமல் வண்டியிலேயே வைத்துக்கொண்டான். நான் கேட்டதால் அல்ல, பெண்டாட்டி சத்தியம் வாங்கியதால். அங்கன்வாடித் தராசில் கொஞ்சம் போல ஏறியிருக்கிறது என்று போனில் சொன்னாள். குட்டி எப்போ வரும், குட்டி எப்போ வரும் என்று குழந்தை ஆட்டின் வயிற்றில் காது வைத்துக் கேட்குமாம்.

ஆடுதான் சரியாகத் தின்னவில்லை. ஒரு கொத்து கடிக்கும், மீதியைக் கீழே போடும். "வயிறு பூரா குட்டி அடைச்சுக்கிட்டிருக்கு மதினி. அதான் தீவனத்துக்கு எடம் இல்ல" என்றாள். கேட்டபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சொன்ன மாதம் முடிந்து இன்னும் மூன்று வாரமும் ஓடியது. ஆடு ஈனவில்லை. மடியும் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய் இறங்கியபோது ஆடு கால்களை விரித்து நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அசை போடவில்லை. இடது வயிறு முரசு மாதிரி உப்பியிருந்தது. வலி எடுத்துவிட்டது, ஈனப் போகிறது என்று நினைத்து அவள் சாக்கை விரித்துச் சுடுதண்ணீர் வைத்திருந்தாள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். தம்பி கால்நடை டாக்டரைக் கூட்டி வரப் போயிருந்தான். டாக்டர் வந்து தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. எண்ணெய் ஊற்றினார், ஊசி போட்டார், விலாவில் ஊசி குத்திக் காற்றை இறக்கப் பார்த்தார். வெயில் உச்சிக்கு வருவதற்குள் ஆடு சாய்ந்துவிட்டது.

அவள் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டாள். "குட்டிக்கு உசுரு இருக்கும் சார். செத்த நேரம் உள்ள உசுரு நிக்கும், எங்க அப்பாரு எடுத்துப் பாத்திருக்கேன். அறுங்க சார், குட்டியையாவது எடுத்துக் குடுங்க" என்று கெஞ்சினாள்.

"குட்டி இருக்கிற மாதிரி தெரியலம்மா" என்றார் அவர்.

"இருக்கு சார். நான் தொட்டுப் பாத்துத்தான் வாங்குனேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அறுக்கச் சொன்னேன். அவர் அறுத்தார். கர்ப்பப்பையை வெளியே எடுத்துக் காட்டினார். ஒன்றுமில்லாமல் சுருங்கிக் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இம்புட்டு வயிறு?" என்று கேட்டாள்.

டாக்டர் இரைப்பையைக் கீறினார். உள்ளேயிருந்து புல் வரவில்லை, இலை வரவில்லை. கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, குடத்தளவுக்கு ஒரு பிளாஸ்டிக் உருண்டை வந்தது. நாற்றத்துக்கு நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் குடத்துத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக் கத்தியின் முனையால் பிரித்தார். கேரிப் பைகள் கொஞ்சம் இருந்தன. மற்றதெல்லாம் பாக்கெட் உறைகள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது, மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. உள்பக்கத்து வெள்ளி கூடக் கறுக்கவில்லை. ஒரு உயிரின் வயிற்றுக்குள் அத்தனை நாள் கிடந்து, அதைக் கொன்றும்விட்டு, கடையில் தொங்கின நாளில் இருந்த மாதிரியே இருந்தது.

"இப்ப இப்படித்தான் மேடம் நெறைய வருது" என்றார் டாக்டர் கை கழுவிக்கொண்டே. "மேய எடம் எல்லாம் பிளாட் போட்டுட்டாங்க. ரோட்டோரந்தான் மேயுது. பாக்கெட்டுல உப்பும் காரமும் ஒட்டியிருக்குல்ல, நக்கிப் பாத்து ருசி கண்டு முழுங்கிருது. வயிறு நெறஞ்ச மாதிரியே இருக்கும், தீவனம் எடுக்காது. பட்டினியிலதான் சாகும்."

அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். மடியைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். பொம்பளைகள் தனியாகச் சந்தைக்குப் போனால் இப்படித்தான் என்றார் இன்னொருவர். தம்பியும் தன் பங்குக்கு, "நீதானடி தொட்டுப் பாத்து வாங்குனே?" என்று அவளைக் கேட்டான். அவள் வைத்திருந்த சுடுதண்ணீரை எடுத்துக் கீழே கொட்டினாள். எனக்குத்தான் வாய் நிற்கவில்லை. நெடுநாள் கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது.

"ஏலே, அவளைக் கேக்குறியா? குனிஞ்சு பாருடா. உள்ள கெடக்கிறது யாரு வண்டிச் சரக்குன்னு பாத்துச் சொல்லு" என்று கத்தினேன்.

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு குச்சியால் அந்த உருண்டையைப் பிரித்தான். ஒரு உறையை மட்டும் தனியே இழுத்தான். அதன் ஓரத்தில் பம்பரம் இலவசம் என்று போட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது தீபாவளிக்கு விட்ட ஸ்கீமுக்கா" என்றான். குரல் அடங்கியிருந்தது. "அய்யலூர் லைன் பூரா நான்தான் போட்டேன்."

அவனை இன்னும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். கேட்க முடியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபோது, கம்பெனிக்காரர்கள் இவனையும் தங்கள் கைக்கெட்டிய உயரத்தில்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. இந்தப் பண்டத்தைச் செய்தவர்கள், உப்பை அளந்து போட்டவர்கள், உயரம் சொல்லிக்கொடுத்தவர்கள், பிஸ்கட் கிரீமைச் சாப்பிட்டுக்கொண்டு விழிப்புணர்வு பேசியவர்கள் ஒருவரும் அந்த நாற்றத்தில் வந்து நிற்கப் போவதில்லை. நின்றது ஒரு மில்காரியும் ஒரு வண்டிக்காரனும். டாக்டர் சொன்ன இரண்டு மாதம் முடிந்து அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தராசில் உட்கார வைக்க வேண்டியவர்களும் இவர்கள்தான்.

யாரும் கவனிக்காத நேரத்தில் குழந்தை பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்துவிட்டது. ஆட்டு வயிற்றை அறுக்கிறார்கள் என்று யாரோ பேசியது அதன் காதில் விழுந்திருக்க வேண்டும். "குட்டி வந்துருச்சா? குட்டி வந்துருச்சா?" என்று கூட்டத்தின் கால்களுக்கு நடுவே நுழைந்து முன்னால் வந்தது. தம்பி ஆட்டின்மேல் சாக்கை இழுத்துப் போட்டான். உருண்டையை மறைக்க நேரம் இல்லை. தண்ணீர் ஊற்றியதில் உறைகள் வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தன. குழந்தை அதைப் பார்த்தது. இத்தனை நாள் குட்டி குட்டி என்று கேட்ட முகத்தில் ஏமாற்றம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது.

"பாக்கெட்டு! அத்தை, எனக்கு!" என்று கையை நீட்டிக்கொண்டு குனிந்தது.

அம்மா பாய்ந்து வந்து குழந்தையின் தோளைப் பிடித்து இழுத்துக் கையை ஓங்கினாள். அன்றைக்குப் பட்டதெல்லாம் அந்தக் கையில் இருந்தது. அடி விழுந்திருந்தால் அந்தக் குச்சி உடம்பு தாங்கியிருக்காது. நான் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அவளை அடிக்காத ஆத்தா" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையை இறக்கவில்லை.

"பின்ன யாரத்தான் மதினி அடிக்கிறது?" என்று கேட்டாள்.